டோர்பிடோ பட்ட கப்பலைப் பார்க்க: கொழும்பிலிருந்து தொடங்கும் வழி

மரைன் டிரைவைக் கடந்து, தண்டவாளத்தையும் தாண்டி, வெள்ளவத்தைக் கற்களில் பின்னேரம் குந்தியிருப்பவர்கள் துறைமுகத்துக்குக் காத்துநிற்கும் கப்பல்களை எண்ணுவார்கள். நானும் சின்ன வயதில் எண்ணியிருக்கிறேன். தண்ணீருக்குக் கீழே கிடப்பவற்றை எண்ணத் தொடங்கியது முப்பது வயதுக்குப் பிறகுதான். முதல் நாள் ஈர உடுப்போடு வீட்டுக்கு வந்தபோது அத்தை கேட்டார்: "கடலுக்கை என்னத்தைத் தொலைச்சுப்போட்டுத் தேடுறாய்?" அதற்கு இன்னும் ஒழுங்கான பதில் என்னிடம் இல்லை. எப்படித் தேடுவது என்று கேட்டால் சொல்லலாம்.

இதுவரை கடலுக்கடியில் மூச்சு விட்டுப் பார்க்காத, கொழும்பில் வேலையும் வீடுமாக இருக்கும் ஒருவரை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். போர்க்காலத்தில் நீர்மூழ்கி தாக்கிய ஒரு வணிகக் கப்பலைக் கண்ணால் காண வேண்டும் என்பது அவருடைய ஆசை. சனி ஞாயிறுகளை மட்டும் ஒதுக்கினாலும் ஒரு பருவத்துக்குள் முடியும். அவசரப்பட்டால் முடியாது.

எந்தக் கப்பல் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கொழும்புக் கடலில் இரண்டு போர்க்காலக் கப்பல்கள் பேர்போனவை. ஒன்று வூஸ்டர்ஷயர், மற்றது பேர்சியஸ். "ஜேர்மன் நீர்மூழ்கி அடித்தது" என்று படகில் வரும் யாராவது கட்டாயம் சொல்வார்கள். தவறு. இரண்டும் 1917 பெப்ரவரியில் கடற்கண்ணியில் அகப்பட்டவை. கண்ணியை வைத்தது வூல்ஃப் என்ற ஜேர்மன் கப்பல். ஓநாய் என்று பெயர். பார்வைக்குச் சாதாரண சரக்குக் கப்பல். கப்டன் கார்ல் நேர்கரின் கீழ் 1916 நவம்பர் கடைசியில் கீல் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டு, வழியில் எந்தத் துறையிலும் தங்காமல் 451 நாட்கள் கடலிலேயே கிடந்து, பிடிபடாமல் வீடு திரும்பியது அது. கேப் டவுன், பம்பாய், கொழும்பு, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து என்று போன இடமெல்லாம் கண்ணி விதைத்தது. கொழும்புக்கு வெளியே விதைத்ததில் பெப்ரவரி 17 அன்று வூஸ்டர்ஷயர் போனது, நான்கு நாள் கழித்து பேர்சியஸ்.

இந்த இரண்டும் அழகான கப்பல்கள். ஆனால் புதியவருக்கு உரிய ஆழத்தை விட வெகு கீழே கிடக்கின்றன. வூஸ்டர்ஷயருக்குப் போக வேறு வாயுக் கலவை, படிப்படியான ஏற்றம், பல வருட அனுபவம் எல்லாம் வேண்டும். "ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு வருவோம்" என்று யாராவது அழைத்தால் மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

மட்டக்களப்புப் பக்கம் 1942 ஏப்ரல் 9 அன்று மூழ்கிய எண்ணெய்க் கப்பல் பிரிட்டிஷ் சார்ஜன்ட் இருக்கிறது. அதை அடித்தது ஜப்பானிய விமானங்கள். அதே நாளில்தான் ஹேர்மிஸ் விமானந்தாங்கியும் 307 பேரோடு போனது. ஆக, நீர்மூழ்கியிடம் அடி வாங்கிய, சாதாரண மனிதர் போய்ப் பார்க்கக்கூடிய ஆழத்தில் கிடக்கும் வணிகக் கப்பல் என்று தேடினால், கொழும்பிலிருந்து போய்வரக்கூடிய தூரத்தில் நான் காட்டுவது பிரிட்டிஷ் லோயல்டி. மாலைத்தீவின் தென்கோடியில், அட்டு பவளத்தீவு வளையத்துக்குள் கிடக்கிறது.

அதன் கதை ஒரு துரதிர்ஷ்டசாலியின் சாதகம் மாதிரி. 1928 இல் கட்டி முடித்த, கிட்டத்தட்ட ஏழாயிரம் தொன் எண்ணெய்க் கப்பல். 1942 மே 30 அன்று மடகஸ்கரின் தியேகோ சுவாரெஸ் துறையில் நங்கூரமிட்டிருந்தபோது, ஐ-20 என்ற ஜப்பானிய நீர்மூழ்கி இறக்கிவிட்ட குட்டி நீர்மூழ்கி ஒன்று உள்ளே புகுந்தது. அதன் ஒரு டோர்பிடோ ராமிலிஸ் என்ற போர்க்கப்பலில் பட்டது, மற்றது லோயல்டியில். மூழ்கிய கப்பலைத் தூக்கி எடுத்தார்கள். பிறகு அட்டுவுக்குக் கொண்டுவந்து மிதக்கும் எண்ணெய்க் கிடங்காக நிறுத்தினார்கள். அட்டு அப்போது பிரித்தானியரின் இரகசியத் தளம். அதன் பெயரைக்கூட எழுதாமல் 'போர்ட் டி' என்றே குறிப்பிட்டார்கள். 1944 மார்ச் 9 அன்று யூ-183 என்ற ஜேர்மன் நீர்மூழ்கி வளையத்துக்கு வெளியே நின்று, கால்வாயில் கட்டியிருந்த டோர்பிடோ தடுப்பு வலையின் இடைவெளி வழியாகச் சுட்டது. மறுபடியும் லோயல்டி. அப்போதும் ஒருவாறு தப்பியது. கடைசியில் 1946 ஜனவரியில் அதை மூழ்கடித்தவர்கள் அதன் சொந்த நாட்டவரான பிரித்தானியரே.

ஜப்பானியன் ஒரு தரம், ஜேர்மன்காரன் ஒரு தரம், சொந்த நாட்டுக்காரன் ஒரு தரம். இவ்வளவு பட்ட கப்பலின் மேற்பக்கம் இன்று சுமார் 16 மீற்றரில் இருக்கிறது, அடி 33 மீற்றரில். முதல் சான்றிதழோடு போகிறவர்கூட மேற்பகுதியைப் பார்க்கலாம். நான் இதைத் தெரிவு செய்யச் சொல்வதற்குக் காரணம் அந்த 16.

இறங்குவதற்கு முன் கரையில் வாசியுங்கள்

புதியவர்கள் விடும் முதற் பிழை எல்லா நேரத்தையும் உபகரணத்தில் செலவழிப்பது. கண்ணாடி எது, காலில் போடும் ஃபின் எது என்று மாதக்கணக்கில் பேசுவார்கள். கப்பலின் வரைபடத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். கீழே போனால் துருவும் பவளமும் மூடிய ஒரு பெரிய சுவர் தெரியும், அவ்வளவுதான். எது முன், எது பின் என்றே விளங்காமல் இருபது நிமிடம் கழியும். வாசித்துவிட்டுப் போனவருக்கு 16 மீற்றரில் கிடைப்பது, வாசிக்காதவருக்கு 40 மீற்றரிலும் கிடைக்காது.

ஆகவே ஒரு கொப்பி எடுங்கள். கப்பல் கட்டிய ஆண்டு, நீளம், எஞ்சின் எங்கே, பாலம் (கப்டன் நின்று கப்பலை நடத்தும் மேடை) எங்கே, எந்தப் பக்கம் அடிபட்டது, எந்தப் பக்கம் சாய்ந்து கிடக்கிறது என்று எழுதுங்கள். லொயிட்ஸ் கப்பற் பதிவேட்டின் 1930 முதல் 1945 வரையான பக்கங்கள் இணையத்தில் படமாகக் கிடைக்கின்றன. கொழும்பு 7 இல் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய பத்திரிகைக் கட்டுகள் உண்டு. கொழும்புக் கப்பல்களுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போங்கள். 1917 பெப்ரவரிப் பத்திரிகைகளை எடுத்துப் பார்த்தாலே போர்க்காலத்தில் எதை அச்சிட்டார்கள், எதை அச்சிடாமல் விட்டார்கள் என்பது விளங்கும்.

பிறகு கப்பலை நீங்களே கையால் வரையுங்கள். சித்திரம் சரிவராவிட்டாலும் பரவாயில்லை. லோயல்டி வலது பக்கமாகச் சரிந்து கிடப்பதால், வரைந்த தாளை அதே மாதிரிச் சரித்துப் பிடித்துப் பாருங்கள். சுவர் தளமாகும், தளம் சுவராகும். இதை வீட்டு மேசையில் பழகாவிட்டால் கடலுக்கடியில் தலை சுற்றும்.

உடம்பு, வகுப்பு

முதலில் மருத்துவர். ஆஸ்துமா, இதய நோய், காது அறுவைச் சிகிச்சை, வலிப்பு, கர்ப்பம் இவற்றில் ஏதாவது இருந்தால் படிவத்தில் மறைக்காதீர்கள். தடிமனோடு இறங்கவே கூடாது. மூக்கடைப்புக்கு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கினால், பாதியில் மருந்து விட்டுப்போகும்போது மேலே வரும் வழியில் காது பூட்டிக்கொள்ளும். வலி என்றால் அதுதான் வலி.

ஆரம்பச் சான்றிதழுக்கு மூன்று நான்கு நாட்கள் போதும். கொஞ்சம் பாடம், கொஞ்சம் நீச்சல் தடாகம், பிறகு கடலில் நான்கு முறை. 200 மீற்றர் நீந்தவும் பத்து நிமிடம் மிதக்கவும் தெரிய வேண்டும். வேகம் தேவையில்லை. கல்கிசைப் பக்கம் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. தமிழில் பாடம் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். எனக்குச் சொல்லித்தந்தவர் சிங்களவர். ஆங்கிலமும் சிங்களமும் கையசைவும் கலந்து நடந்தது. கடலுக்கடியில் எப்படியும் எல்லோருக்கும் கைமொழிதான்.

அந்தச் சான்றிதழ் 18 மீற்றர் வரை. அடுத்த நிலை 30 மீற்றர். லோயல்டியின் மேற்பகுதிக்கு முதலாவது போதும் என்று சொன்னேன். ஆனாலும் இரண்டாவதையும் முடித்துவிட்டுப் போகச் சொல்வேன். நீங்கள் 16 இல் நிற்க நினைத்தாலும் கப்பல் 33 வரை கீழே இறங்கிக்கொண்டே போகிறது. கண் இழுக்கும், கால் பின்னால் போகும்.

நிலையத்தைத் தெரிவு செய்யும்போது மூன்று கேள்வி கேளுங்கள். படகில் ஒட்சிசன் இருக்கிறதா? மிகக் கிட்டிய அழுத்த அறை (ஆழத்திலிருந்து வேகமாக ஏறி நோய்ப்பட்டவருக்குச் சிகிச்சை தரும் அறை) எங்கே, அங்கே போக எவ்வளவு நேரம்? ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? முதலிரண்டுக்கும் உடனே பதில் வராவிட்டால் வணக்கம் சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். விலை பேசுவது அதற்குப் பிறகு.

காற்றும் கடலும்

வைகாசியில் சோளகம் பிடித்தால் மேற்குக் கரை கலங்கிவிடும். புரட்டாதி வரை கொழும்பில் கப்பல் பார்க்க நினைக்காதீர்கள். அந்தக் காலம் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் உரியது. கார்த்திகையிலிருந்து சித்திரை வரை கொழும்புக் கடல் தெளியும். அதிலும் மலைநாட்டில் கடும் மழை பெய்து களனி கங்கை கலங்கி வந்தால், முகத்துவாரத்துக்கு வெளியே இரண்டு மூன்று நாளைக்குத் தேத்தண்ணி நிறம்தான். நாள் குறிக்கும் முன் ஆற்றையும் விசாரியுங்கள்.

எங்கள் படகுக்காரர் நீர்கொழும்புப் பக்கத்தவர், தமிழும் சிங்களமும் ஒரே மூச்சில் பேசுவார். காலையில் கடலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தம்பி, இண்டைக்கு வேண்டாம்" என்றால் அதோடு சரி. நான் ஒரு தரம் வாதாடியிருக்கிறேன். அன்று முழுதும் படகு ஓரத்தில் தலையைத் தொங்கப்போட்டுக் கிடந்தது நான், அவர் அல்ல.

கொழும்பில் பழக நல்ல கப்பல்கள் உண்டு, போரோடு சம்பந்தமில்லாதவை. 2009 முதல் வழக்கில் மாட்டி நங்கூரத்தில் கிடந்து 2012 இல் பாணந்துறைக்கு அப்பால் மூழ்கிய தேர்மோபிலே சியேரா அவற்றில் ஒன்று. எதற்குப் போவது என்பதை உங்கள் சான்றிதழின் ஆழத்தை வைத்து வழிகாட்டி முடிவு செய்யட்டும். அட்டுவுக்குப் போகும் முன் குறைந்தது பத்துப் பன்னிரண்டு முறையாவது இங்கே இறங்கியிருக்க வேண்டும். அவற்றில் நான்கைந்து மூழ்கிய கப்பல்களாக இருக்கட்டும்.

அந்தப் பத்துத் தடவையில் பழக வேண்டியது ஒன்றே ஒன்று: மிதப்பு. ஏறாமல் இறங்காமல், கையால் துழாவாமல், ஓரிடத்தில் நிற்பது. மூச்சை இழுத்தால் கொஞ்சம் ஏறும், விட்டால் கொஞ்சம் இறங்கும். அந்தக் கொஞ்சத்தை வைத்தே உடம்பை ஆளலாம். பவளப் பாரில் மிதப்புத் தவறினால் முழங்கால் தேயும். இரும்புக் கப்பலில் தவறினால் கிழியும். அடியில் படிந்த சேற்றை ஃபின் ஒரு தரம் கிளறினால் பின்னால் வருபவருக்கு ஒன்றும் தெரியாது. காலை மேலும் கீழும் அடிக்காமல், தவளை மாதிரிப் பக்கவாட்டில் விரித்து உதைக்கப் பழகுங்கள்.

மன்னாரில் முத்துக் குளித்தவர்கள் கயிற்றில் கட்டிய கல்லில் காலை வைத்து, ஒரே மூச்சில் இறங்கி ஏறினார்கள். சிலிண்டரும் இல்லை, சான்றிதழும் இல்லை. நம் மொழியில் 'சுழியோடி' என்ற சொல் இவ்வளவு இயல்பாகக் கிடப்பதற்கு அவர்களும் காரணமாக இருக்கலாம். பெருமைப்படலாம். பின்பற்ற வேண்டாம்.

காற்றுக் கணக்கு

இதை எல்லோரும் வகுப்பில் படிப்பார்கள், கப்பலைக் கண்டதும் மறப்பார்கள். ஆகவே ஒரு தரம் கையால் போட்டுப் பாருங்கள்.

வழக்கமான அலுமினியச் சிலிண்டர் சுமார் 11 லீற்றர். 200 பார் (அழுத்தத்தின் அளவு) வரை நிரப்பினால் 2200 லீற்றர் காற்று. 50 பார், அதாவது 550 லீற்றர், தொடக்கூடாத மிச்சம். கையில் 1650. புதியவர் மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லீற்றர் இழுக்கிறார் என்று வையுங்கள். ஒவ்வொரு பத்து மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 18 மீற்றரில் அது 2.8 மடங்கு, நிமிடத்துக்கு 56 லீற்றர். 1650 ஐ 56 ஆல் பிரித்தால் 29 நிமிடம். 30 மீற்றரில் நான்கு மடங்கு. நிமிடத்துக்கு 80 லீற்றர், கிடைப்பது 20 நிமிடம்.

இன்னொரு மணிக்கூடும் ஓடுகிறது. இரத்தத்தில் கரையும் நைதரசன். கூடக் கரைந்துவிட்டால், மேலே வரும்போது குமிழியாகி உடம்பைத் தாக்கும். சாதாரணக் காற்றில் 18 மீற்றரில் சுமார் 56 நிமிடம் இருந்துவிட்டு நேரே மேலே வரலாம் என்றால், 30 மீற்றரில் 20 நிமிடம்தான். பார்த்தீர்களா, 30 இல் சிலிண்டரும் 20, உடம்பும் 20. அதற்குள் இறக்கமும் ஏற்றமும் வேறு. 18 இல் நிற்பவருக்கு இரண்டு பக்கமும் இடம் இருக்கிறது. போதாக்குறைக்கு 30 மீற்றர் அளவில் நைதரசன் தலைக்கேறி மெல்லிய மயக்கம் தரும். சந்தோசமாக இருக்கும், அதுதான் ஆபத்து.

என் கதை இது. கொழும்பில் என் இரண்டாவது கப்பலில், நங்கூர இயந்திரத்தைக் கண்ட சந்தோசத்தில் கணக்கை மறந்தேன். மிச்சக் காற்றைக் காட்டும் கேஜைப் பார்த்தபோது 60 பார். சோடியாக வந்தவருக்குக் கையைக் காட்டினேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். மேலே வந்து படகில் ஏறும்வரை பேசவில்லை. ஏறியதும் "காசு கொடுத்துத்தானே கேஜ் வாங்கினீர்?" என்றார். அதன்பிறகு மூன்று நிமிடத்துக்கு ஒரு தரம் பார்க்கிறேன், பார்க்கத் தேவையில்லாத போதும்.

இறங்கும் நாள்

கப்பலில் கட்டிய மிதவைக் கயிறு இருந்தால் அதைப் பிடித்தபடி இறங்குங்கள். திறந்த நீரில் இறங்கிக் கப்பலைத் தேடுவது நீரோட்டத்தோடு சூதாடுவது. காதை வலிக்கும் முன்னே சரிசெய்ய வேண்டும். மூக்கைப் பொத்தி மெதுவாக ஊதுங்கள், ஒவ்வொரு மீற்றருக்கும். வலித்தால் ஒரு மீற்றர் ஏறி மறுபடி. சோடி காத்திருப்பார். காத்திருக்காதவர் சோடி அல்ல.

கையில் மூன்று பொருள். ரோச் லைற், ஏனென்றால் ஐந்து மீற்றருக்குக் கீழே சிவப்பு நிறம் போய்விடும். ரோச் அடித்தால்தான் பவளம் என்ன நிறம் என்று தெரியும். ஒரு சின்னக் கத்தி அல்லது வெட்டி, ஏனென்றால் மூழ்கிய கப்பல்கள் மீன்களின் வீடு, மீன் இருக்கும் இடத்தில் வலை சிக்கும், சிக்கிய நைலோன் கண்ணுக்குத் தெரியாது. மூன்றாவது, ஊதி மேலே விடும் சிவப்பு மிதவை. படகு உங்களைக் கண்டுபிடிக்க. கையுறை பற்றிச் சிலர் கேட்பார்கள். எனக்குப் பிடிக்காது, கையுறை போட்டவர் எல்லாவற்றையும் பிடிக்கிறார். முள்ளில் நஞ்சுள்ள கல்மீன் துருத்தகட்டோடு துருத்தகடாய்க் கிடக்கும். பிடிக்காமல் இருப்பதுதான் பாதுகாப்பு.

கீழே போனதும் நீந்தாதீர்கள். ஒரு நிமிடம் சும்மா நில்லுங்கள். கொப்பியில் வரைந்த படத்தை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். முன்பக்கம் எது?

அந்தக் காலத்து எண்ணெய்க் கப்பல்களின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். எஞ்சினும் புகைபோக்கியும் பின்கோடியில். பாலம் நடுவில். இரண்டுக்கும் இடையில் நீண்ட தட்டையான தளம், அதன் கீழே வரிசையாக எண்ணெய் அறைகள், மேலே குழாய்கள். சரக்குக் கப்பலில் இருப்பது போல் பெரிய சதுர வாய்கள் கிடையா. எண்ணெய் அறைக்குச் சின்ன வட்ட மூடிகள் போதும். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால் பவளம் எவ்வளவு மூடியிருந்தாலும் எண்ணெய்க் கப்பலா, சரக்குக் கப்பலா என்று சொல்லிவிடலாம். மரத்தைப் புழு தின்றிருக்கும், மெல்லிய தகடு உதிர்ந்திருக்கும். கடைசிவரை நிற்பவை தடித்த இரும்புகள்: நங்கூர இயந்திரம், கயிறு கட்டும் குற்றிகள், கொதிகலன், எஞ்சின். குழம்பினால் இவற்றில் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். அதிலிருந்து மற்ற இடங்கள் தானாக விளங்கும்.

பிறகு துளை. எல்லோரும் தேடுவது அதைத்தான். டோர்பிடோ வெளியே வெடிப்பது. ஆகவே கப்பல் தகடு உட்பக்கமாக மடங்கியிருக்க வேண்டும். உள்ளே வெடித்திருந்தால் வெளியே மலர்ந்திருக்கும். எண்பது வருடத் துரு இந்தப் பாடத்தைப் பாதி அழித்திருக்கும், ஆனாலும் தடித்த சட்டங்களைப் பாருங்கள், அவை வளைந்த திசை இன்னும் பேசும். வெட்டிய இடம் நேராக இருந்தால் அது போர் அல்ல, பின்னால் இரும்புக்காக வந்தவன் வேலை. கடற்கண்ணி பட்ட கப்பலிலும் தகடு உள்நோக்கித்தான் மடங்கும். ஆகவே துளையை மட்டும் பார்த்து நீர்மூழ்கியா கண்ணியா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. படகில் கேட்ட அந்த 'ஜேர்மன் நீர்மூழ்கி' கதைக்கு மருந்து கரையில் வாசித்த ஆவணம்தான்.

துளை வழியாக உள்ளே எட்டிப் பார்க்கலாம். உள்ளே போகக் கூடாது. புதியவருக்கு இதில் விதிவிலக்கு இல்லை. கூரை உங்கள் தலைக்கு மேல் வந்த கணமே, நேரே மேலே போகும் வழி இல்லாமற் போகிறது. உள்ளே சேறு கிளம்பினால் வந்த வாசல் தெரியாது. கயிறு சுற்றும் உருளையும் இரண்டு ரோச்சும் தனிப் பயிற்சியும் உள்ளவர்கள் போகட்டும். அவர்கள்கூட மூன்றில் ஒரு பங்கு காற்றோடு உள்ளே, மூன்றில் ஒரு பங்கு வெளியே, மிச்சம் ஆபத்துக்கு என்று பிரித்து வைத்தே போவார்கள். பழைய எண்ணெய் அறைக்குள் தேங்கி நிற்கும் வாயுக் குமிழியைக் கண்டு வாயிலிருந்து ரெகுலேற்றரைக் கழற்றி மூச்சு விட நினைப்பவர்களும் உண்டு. அது காற்றல்ல.

எதையும் எடுக்க வேண்டாம். ஒரு ஆணி, ஒரு பீங்கான் துண்டு கூட. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். போர்க்காலக் கப்பல் என்றால் யாரோ ஒருவர் வீட்டுக்கு வராமல் போன இடம். 1944 பெப்ரவரி 12 அன்று மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த கெடிவ் இஸ்மாயில் கப்பலை மாலைத்தீவுப் பக்கம் ஐ-27 நீர்மூழ்கி அடித்தது. இரண்டு டோர்பிடோ, சில நிமிடம், 1297 உயிர். தாதிமாரும் இருந்தார்கள். அந்தக் கப்பல் யாருக்கும் எட்டாத ஆழத்தில் கிடக்கிறது, அது நல்லது. எட்டக்கூடிய ஆழத்தில் கிடப்பவற்றையும் அதே மாதிரி விட்டு வைக்கலாம்.

கேஜ் 100 காட்டும்போது திரும்புங்கள். ஏற்றம் நிமிடத்துக்கு ஒன்பது மீற்றரைத் தாண்டக்கூடாது. உங்கள் சின்னக் குமிழிகளை முந்தாமல் வந்தால் சரி. ஐந்து மீற்றரில் மூன்று நிமிடம் கயிற்றைப் பிடித்துத் தொங்குங்கள். அலுப்பாக இருக்கும். இருக்கட்டும்.

அட்டுவுக்குப் போகும் வழி

கொழும்பிலிருந்து மாலே ஒன்றரை மணிநேரம். அங்கிருந்து உள்ளூர் விமானம் அட்டுவில் உள்ள கான் தீவுக்கு. நீங்கள் இறங்கும் ஓடுபாதை அந்த இரகசியத் தளத்தின் மிச்சம். பிரித்தானிய விமானப்படை 1976 வரை அங்கே இருந்தது. இலங்கைக் கடவுச்சீட்டுக்கு வந்திறங்கும்போதே விசா. புறப்படும் முன் இணையப் படிவம் ஒன்றை நிரப்ப வேண்டும். சான்றிதழ் அட்டையும் பதிவுக் கொப்பியும் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் போடாதீர்கள்.

மாலைத்தீவுச் சட்டப்படி பொழுதுபோக்குச் சுழியோட்டத்துக்கு எல்லை 30 மீற்றர். லோயல்டியின் அடி 33. ஆக, உங்களுக்கு எவ்வளவு ஆசை வந்தாலும் அடி மண்ணைத் தொட அனுமதியில்லை. முதல் நாள் ஆழமில்லாத இடத்தில் ஒரு பரீட்சை இறக்கம் வைப்பார்கள். கொழும்பில் ஒழுங்காகப் பழகியிருந்தால் பத்து நிமிடத்தில் முடியும். இரண்டாம் நாள் கப்பல். முடிந்தால் இரண்டு முறை ஒழுங்கு செய்யுங்கள். முதல் முறை மேற்பக்கத்தின் ஓரமாக முழு நீளத்தையும் நீந்திப் பார்த்துவிடுங்கள். 130 மீற்றருக்கு மேல், மெதுவாகப் போனால் ஒரு சிலிண்டர் சரி. இரண்டாவது முறை ஒரே ஓர் இடம். பின்பக்கமோ துளையோ, ஒன்றைத் தெரிவு செய்து அங்கேயே நில்லுங்கள். அப்போதுதான் மென்பவளங்களுக்கு நடுவே ஒரு ஏணிப்படி, ஒரு குழாய் மூட்டு என்று கண்ணுக்கு வரத் தொடங்கும்.

கடைசி இறக்கத்துக்கும் விமானத்துக்கும் இடையில் குறைந்தது 18 மணிநேரம் வேண்டும். இதை ரிக்கெற் போடும்போதே கணக்கில் எடுங்கள். கடைசி நாள் காலையில் "இன்னும் ஒண்டு" என்று இறங்கிவிட்டுப் பின்னேரம் பறந்தவர்களை எனக்குத் தெரியும், ஒருவர் ஒரு கிழமை தோள்மூட்டு வலியோடு திரிந்தார். அந்த ஒரு நாளைக்குக் கானில் ஒரு சைக்கிள் வாடகைக்கு எடுங்கள். தீவுகளை இணைத்துப் போட்ட தெரு பெய்தூ, மரதூ வழியாக ஹிததூ வரை போகிறது. வலது கைப் பக்கம் வளையத்துக்குள் இருக்கும் அமைதியான தண்ணீர், கப்பல் கிடப்பது அதற்குள்ளேதான். மரதூ தாண்டி ஒரு மர நிழலில் சைக்கிளைச் சாத்திவிட்டு, பதிவுக் கொப்பியை எடுத்து ஆழம், நேரம், தொடக்கக் காற்று, மிச்சக் காற்று எல்லாவற்றையும் எழுதி முடியுங்கள். கரையில் வரைந்த படத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிழைகளைத் திருத்தலாம். என் படத்தில் பாலத்தைப் பத்து மீற்றர் பின்னால் தள்ளி வரைந்திருந்தேன்.